முதல் மடக்கு

மணலியில் ரசாயனத் தொட்டிகளை ஏற்றி இறக்கும் ஒரு கிடங்கின் வாசலில், பாதுகாப்பு வாரத்துக்காகக் கட்டிய பலகை, வாரம் முடிந்து மாதங்கள் ஆகியும் அவிழ்ப்பார் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் இப்படி எழுதியிருக்கிறது: “இவ்வாண்டின் சிறந்த பாதுகாப்பு மேற்பார்வையாளர், திரு. வேலப்பன். நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவர். இன்னதென்று தெரியாத எப்பொருளையும் தொடாதவர், முகராதவர், சுவைக்காதவர். ஆபத்தைக் கண்ட கணமே, எதிரில் நிற்பவர் யாரென்று பாராமல் பணியை நிறுத்தும் துணிவு உடையவர்.”

பக்கத்தில் படம். தலைக்கவசம் புருவத்துக்கும் கீழே இறங்கிவிட்டதால், திருவிழாக் கூட்டத்தில் ஒளிந்துகொண்டிருக்கும் ஆளைக் கண்டுபிடித்துப் படம் எடுத்தது போல இருக்கும்.

பலகையை எழுதியவர் மேல் குற்றமில்லை. போன வருடம் வேறொருவருக்கு எழுதியதையே அவர் பெயரை மட்டும் மாற்றி எழுதினார். ஆனால் நெட்டுக்குப்பத்து வேலப்பனை அறிந்தவர்கள் யாரும் அந்தப் பலகையைச் சிரிக்காமல் கடந்ததில்லை. அவர் மனைவி பூவம்மா ஒருமுறை சாப்பாட்டுக் கூடையோடு போனவள், நின்று நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, “யாருய்யா இந்த ஆளு? எனக்கும் கொஞ்சம் காட்டேன்” என்றாள்.

நிதானத்தை எடுத்துக்கொண்டால், வேலப்பனுக்கு ஊசி ஆகாது. காலில் ஆணி ஏறிய அன்று, ஊசி அதன் உறையை விட்டு வெளியே வருவதற்குள் அவர் நாற்காலியை விட்டு வெளியே வந்து தரையில் கிடந்தார். மீனவர் வீட்டில் பிறந்தும் கடலுக்குப் போகாததன் காரணமும் இதே ரகம்தான். படகு ஆடினால் அவருக்குக் குமட்டும். ஆடாத தரையில் ஒரு வேலை தேடினார். கிடைத்த வேலையோ, எந்த நேரமும் எதுவும் வெடிக்கலாம் என்று தினமும் நாலு பேருக்கு ஞாபகப்படுத்தும் வேலை.

பணியை நிறுத்தும் துணிவு இன்னும் சுவாரசியமானது. காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி அவர் ஒரு பேச்சுப் பேச வேண்டும். அந்தப் பேச்சின் உச்சம் இதுதான்: “ஆபத்துன்னு தோணிச்சின்னா, யாரு வேணா, எப்ப வேணா, கைய தூக்கி ‘வேலைய நிறுத்து’ன்னு சொல்லலாம். மேனேஜர் நின்னாலும் சரி. நிறுத்துனவரு சரின்னு சொல்றவரைக்கும் ஒருத்தரும் கைய வெக்கக் கூடாது.” இதை வீட்டில் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் அந்தக் கையைத் தூக்கியதில்லை. ஒருநாள், தொட்டியைத் தூக்கிய கயிற்றில் பிரி விட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். வேலப்பன் விசிலை வாயில் வைத்தார். தொட்டி இறங்கித் தரை தொடும் வரை வைத்தே இருந்தார். ஊதவில்லை. “இன்னாப்பா, விசில் டேஸ்ட் எப்படி கீது?” என்று அன்று முழுவதும் கிரேன்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மிச்சம் இருப்பது சுவைக்காதவர் என்ற வரி. அது சுத்தப் பொய்.

வேலப்பன் தெருவில் தண்ணீர் சில நாள் குழாயில் வரும், சில நாள் லாரியில் வரும்; எதில் வந்தாலும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வாசனையோடு வரும். இரும்பு வாசனை பழகிவிட்டது. மற்ற வாசனைகளுக்குப் பெயர் இல்லை. அதனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் குடிப்பதற்கு முன் வீட்டு ஆம்பளை முதல் மடக்கைக் குடிக்க வேண்டும். உதட்டை நனைப்பது கணக்கில் சேராது. தொண்டைக்குழி ஏறி இறங்குவது எல்லாருக்கும் தெரிய வேண்டும். பிறகு ஆகாயத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாகீது” என்று சொல்ல வேண்டும். வேலப்பன் இதைத் தண்ணீரோடு நிறுத்தவில்லை. மகள் எழில்மொழிக்குக் காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து, பூச்சி மருந்து எது கொடுத்தாலும் முதலில் தான் ஒரு சொட்டு குடித்து, ஆகாயம் பார்த்து, சான்றிதழ் கொடுத்த பிறகே அவளுக்கு ஊற்றுவார். அந்த வீட்டில் பூச்சி இல்லாத வயிறு ஒன்று உண்டென்றால் அது வேலப்பனுடையதுதான்.

இந்த எழில்மொழிக்கு ஏழு வயது. கணுக்காலுக்கு மேலே எலும்புக்குள் சீழ் பிடித்து, ராயபுரத்தில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலைத் திறந்து கழுவியாகிவிட்டது. இனி வாரக்கணக்கில் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற வேண்டும். ஆனால் அவள் கையில் போட்ட ஊசிகள் ஒவ்வொன்றாக வீங்கிக்கொண்டு வெளியே வந்தன. கடைசியாகப் போட்ட அன்று நாலு பேர் அவளை அழுத்திப் பிடித்தார்கள். “அப்பா, நீங்க கால புடிங்க” என்று யாரோ சொன்னார்கள். சொன்னதைச் செய்து பழகிய மனிதர் பிடித்தார். எழில்மொழி கத்தவில்லை, திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அதுவரை நைனாவாக இருந்தவர் அன்று முதல் ‘அந்த சார்’ ஆனார்.

“யம்மா, அந்த சாருக்கு வேலை இல்லியாமா? போச் சொல்லு.”

“நைனாடி அது.”

“எனக்குத் தெரியாது. கால புடிக்கிற சாரு.”

இப்படி இருக்கையில்தான் மயக்க மருத்துவர் சாலமோன் ஒரு வழி சொன்னார். மேல்கையில் நூடுல்ஸ் மாதிரி மெல்லிய நீளக் குழாய் ஒன்றை உள்ளே விட்டுவிட்டால், சிகிச்சை முடியும் வரை அதன் வழியாகவே மருந்து ஏற்றலாம். தினம் ஊசி குத்த வேண்டாம். முதலில் தோல் மரத்துப்போக ஒரு களிம்பு, அப்புறம் குடிக்க ஒரு மயக்க சிரப்பு, கடைசியாக அந்த இடத்தில் மட்டும் மரக்க ஒரு சின்ன ஊசி. “தூங்க மாட்டா. ஜாலியா, கிறுகிறுன்னு இருப்பா. கை ஆடாம இருந்தா போதும்” என்றார்.

“ஆடினா, டாக்டர்?” என்றார் வேலப்பன்.

“ஆடினா பெரிய ஆஸ்பத்திரியில முழு மயக்கம் குடுத்துத்தான் போடணும். அதுக்குத் தேதி கிடைக்கிறவரைக்கும் பழையபடி கையிலதான் ஊசி. பழையபடி புடிச்சுத்தான் போடணும்.”

வெளியே வந்த வேலப்பன் பூவம்மாவிடம், “இன்னொரு வாட்டி நா புடிக்க மாட்டேன், பூவு. யாரையும் புடிக்க உடவும் மாட்டேன்” என்றார்.

“நீ யார உடாம இருந்துகீற இதுவரைக்கும்?” என்றாள் பூவம்மா. கேட்ட பிறகு அவளுக்கே அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தாள்.

குழாய் போடும் நாள் வந்தது. சிரப்பு கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் எழில்மொழி பட்டினி. யாரும் கேட்காமலே வேலப்பனும் பட்டினி. ராஜாத்தி சிஸ்டர் வந்து மகளின் மேல்கையில் வெள்ளைக் களிம்பைத் தடவி, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஒட்டைப் போட்டார்.

“மரத்துப் போனதும் கிள்ளினாக்கூடத் தெரியாது பாப்பா.”

“உடான்ஸ்,” என்றாள் எழில்மொழி. “அந்த சாருக்குப் போட்டுக் காட்டுங்க.”

டியூபில் மிச்சமிருந்த களிம்பை வேலப்பனின் புறங்கையில் தடவி ஒட்டுப் போட்டார் சிஸ்டர். அவர் அதை அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் ஆனதும் ஒட்டைத் தூக்கிக் கிள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. “மெய்யாலுமே தெர்ல, சிஸ்டர். வேற யாரு கையோ மாதிரி கீது.” எழில்மொழி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளும் மெதுவாக ஒரு விரலால் தன் ஒட்டின் ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பதை வேலப்பன் கவனித்தார்.

பூவம்மா கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சிரப்பு வந்தது. சின்னப் பிளாஸ்டிக் குப்பி, அடியில் கொஞ்சம் இளஞ்சிவப்புத் திரவம். எழில்மொழி வாயை மூடிக்கொண்டாள்.

“ஸ்ட்ராபெரிம்மா,” என்றார் சிஸ்டர்.

“போன வாட்டி எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்னு சொன்னீங்க. எங்க ஊர்ல அந்த மாதிரி எறும்பு கெடயாது.”

சிஸ்டர் குப்பியை வேலப்பனிடம் கொடுத்தார். “நீங்க குடுங்கப்பா. உங்க கையில வாங்கிக்குவா. நான் விரல்ல மாட்டுற கிளிப்ப எடுத்துட்டு வந்துடுறேன்.” அப்பாக்கள் விஷயத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பொதுவாகவே ஒரு நம்பிக்கை உண்டு, அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வேலப்பன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “எழிலு. நைனா குடிச்சிப் பாக்கட்டா?”

எழில்மொழி மருந்து தொங்கவிடும் கம்பியைப் பார்த்துப் பேசினாள். “குடிச்சிப் பாக்கச் சொல்லு.”

அவர் குப்பியை உதட்டில் வைத்து எடுத்தார்.

“இதுக்குப் பேரு குடிக்கிறதா?” என்று கம்பியிடம் கேட்டாள். “ஒதட்டுல தடவிகினாரு. தண்ணி லாரி வந்தா இப்டியா குடிப்பாரு? அப்ப தொண்ட ஏறி எறங்கும். தெருவே பாக்கும். இப்ப யாரும் பாக்கலன்னு ஏமாத்துறாரு.”

பத்து ஆண்டு மேற்பார்வையாளர் அனுபவத்தில் வேலப்பன் எத்தனையோ குற்றச்சாட்டுகளைக் கேட்டிருக்கிறார். ஏமாற்றுகிறார் என்பது அதில் இல்லை. மகள் சொன்னது தெரு வழக்கப்படி சரியும்கூட. ஒரு மடக்கு என்றால் ஒரு மடக்கு. அவர் தலையை அண்ணாந்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மின்விசிறியைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“நல்லாகீது,” என்றார்.

பிறகு குப்பியைப் பார்த்தார். அதில் இருந்ததே ஒரு மடக்குதான்.

சிஸ்டர் திரும்பி வந்தார். காலிக் குப்பியைக் கண்டு முகம் நிறையச் சிரித்தார். “குடிச்சாச்சா? சமத்து.”

“குடிச்சாச்சு சிஸ்டர்,” என்றார் வேலப்பன். அதில் பொய் இல்லை.

“நா குடிக்கல,” என்றாள் எழில்மொழி. “அந்த சாருதான் குடிச்சாரு. ஃபுல்லா.”

சிஸ்டர் அவரைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“ருசி பாத்தேன், சிஸ்டர்.”

“ருசி பாத்தீங்களா? கழுவி வெச்ச மாதிரி கீதேப்பா.”

டாக்டர் சாலமோன் வந்தார். மயங்கி விழுந்த பெற்றோர், சண்டைக்கு வந்த பெற்றோர், செருப்பை விட்டுவிட்டு ஓடிய பெற்றோர் என்று எல்லாரையும் பார்த்த மனிதர். மருந்தையே குடித்துவிட்ட பெற்றோரில் இவர்தான் முதல் ஆள் என்பதால் கொஞ்சம் மரியாதையோடு விசாரித்தார். “உங்க வெயிட் எவ்ளோ? வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா? காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமே துன்னல, டாக்டர். அவ பட்டினி, அதான் நானும்.”

“பிரமாதம். அப்ப சீக்கிரம் புடிச்சுக்கும்.” டாக்டர் அவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொல்லி, மகளுக்காகக் கொண்டுவந்த, நாடித்துடிப்பைக் காட்டும் கருவியின் கிளிப்பை அவர் விரலில் மாட்டினார். “பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நேரம் ரொம்ப சந்தோஷமா இருப்பீங்க. அப்புறம் தூங்குவீங்க. நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. இங்கயே எங்க கண் முன்னாடி இருங்க, போதும்.”

வேலப்பன் பயப்படத்தான் நினைத்தார். முதலில் வேலை போகும் என்று பயப்பட்டார். பூவம்மா வருவாள் என்று அதைவிட அதிகமாகப் பயப்பட்டார். எல்லாவற்றுக்கும் மேல், எழிலுக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைத் தான் குடித்துவிட்டோம், இனி அவளைப் பிடித்துத்தான் போடுவார்கள் என்ற பயம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடத்திலேயே, ஐஸ் வண்டியில் வைத்த மீன் போல் மெல்ல வழுக்கிக்கொண்டு எங்கோ போனது. கை கால்கள் தங்கள் பாட்டுக்கு ஓய்வெடுக்கக் கிளம்பின. கூரையில் சுற்றிய மின்விசிறியை அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“சிஸ்டர்.”

“என்னப்பா?”

“அந்த ஆளு ஹெல்மெட் போடல.”

“எந்த ஆளு?”

“மேல சுத்திகினு கீறாரே. பெல்ட்டும் போடல. எறங்கச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு, தன் அதிகாரத்தை நினைத்துத் தானே சிரிக்க ஆரம்பித்தார். அது சாதாரணச் சிரிப்பாக இல்லை. மூக்கு வழியாகத் தொடங்கி, வயிற்றில் குலுங்கி, திரும்பவும் மூக்குக்கே வந்தது.

பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சிரிப்பு கேட்டது. அந்த வார்டில் எழில்மொழி சிரித்து யாரும் கேட்டதில்லை என்பதால், சிஸ்டர் முதலில் வேறு குழந்தை என்று நினைத்தார்.

“நைனா,” என்றாள் எழில்மொழி. கம்பியிடம் இல்லை, நேராக அவரிடம். “இன்னா பண்ணுது நைனா?”

“எழிலு,” என்றார் வேலப்பன், உலகத்திலேயே பெரிய ரகசியத்தைச் சொல்பவர் போல. “ஷோக்கா கீது.”

எழில்மொழி சிஸ்டர் பக்கம் திரும்பினாள். “எனக்கும் குடுங்க.”

இரண்டாவது குப்பி வந்தது. இம்முறை டாக்டரே அளந்தார், சிஸ்டரே பிடித்தார், வேலப்பனின் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று கொடுத்தார். எழில்மொழி ஒரே மடக்கில் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மின்விசிறியைப் பார்த்தாள். “நல்லாகீது,” என்றாள், தந்தையின் குரலிலேயே.

குழாய் போடும் அறை சின்னது. ஆனால் நைனா வந்தால்தான் தானும் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டதாலும், நைனாவை வார்டில் தனியாக விடுவதும் சரியில்லை என்பதாலும், இரண்டு கட்டில்களையும் உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. தள்ளியவர் வார்டு உதவியாளர் செங்குட்டுவன். காசிமேட்டில் ஐஸ் பார் தூக்கிய கைகள். குணத்தில் பரம சாது. இரண்டு கட்டிலிலிருந்தும் இருவர் மாற்றி மாற்றிச் சிரித்ததில் அவருக்கே லேசாகத் தொற்றிக்கொண்டது.

டாக்டர் கையுறை மாட்டினார். பச்சைத் துணி விரித்தார். ரத்தக்குழாயைத் திரையில் காட்டும் கருவியை எழில்மொழியின் கையில் வைத்தார். வேலப்பனுக்கு இந்தச் சூழ்நிலை ரொம்பப் பழக்கமானதாகத் தோன்றியது. உடுப்பு மாட்டியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆபத்தான வேலை ஒன்று தொடங்கப்போகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எல்லாருக்கும் காலை வணக்கம்.”

“மத்தியானம் ஆயிடுச்சுப்பா,” என்றார் சிஸ்டர்.

“மத்தியான வணக்கம். எல்லாரும் ஷூ போட்டுகினீங்களா? தீ புடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்? டாக்டர், நீங்க சொல்லுங்க.”

“வலது பக்கம்,” என்றார் சாலமோன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கரெக்ட்டு. கேசு வாசன வந்தா காத்து வர்ற பக்கமா ஓடணும். இன்னோரு விசயம். எனக்கு ஊசின்னா பயம். யாராண்டயும் சொல்லாதீங்க.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் எழில்மொழி, கட்டிலிலிருந்து குழைந்த குரலில். “தெருவுக்கே தெரியும்.”

இருவரும் மறுபடி சிரித்தார்கள். டாக்டர் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். பிறகு மரக்கும் மருந்துள்ள சின்ன ஊசியை எடுத்தார். களிம்பு போட்ட இடம்தான், ஆனாலும் மருந்து உள்ளே போகும்போது கொஞ்சம் எரியும். எரிந்தது. எழில்மொழி சிரிப்பை நிறுத்தித் தோளைச் சுருக்கினாள்.

செங்குட்டுவனின் கை, அவரைக் கேட்காமலே, நீண்டது. குழந்தை அசைந்தால் பிடிப்பது அவருக்குப் பழக்கம். அதற்காகத்தான் அவரை அறையில் வைத்திருந்தார்கள். பெரிய உள்ளங்கை அவள் தோளில் இறங்கி அழுத்தியது.

“நைனா,” என்றாள் அவள். சத்தமாகக்கூட இல்லை.

வேலப்பன் எழுந்து உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் விரல் கிளிப் கழன்று விழ, ஆள் போய்விட்டார் என்று நினைத்த நாடிக் கருவி கூவத் தொடங்கியது. அவர் பிளாஸ்டிக் ஒட்டு போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

“வேலைய நிறுத்து.”

அந்தக் குரல் அவருடையது என்று மணலியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அறையில் எல்லாம் நின்றது. டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. சிஸ்டர் கருவியின் வாயை அடைத்தார்.

“என்னப்பா, என்ன ஆச்சு?” என்றார் டாக்டர்.

“சேஃப்டி. ஆள அமுக்கினு வேலை செய்யக் கூடாது. ரூல் கீது.”

“எந்த ரூல்?”

வேலப்பன் யோசித்தார். “இப்பத்தான் போட்டேன்.”

“சார், ஆடிச்சின்னா ஊசி எங்கனா குத்திடும், சார்,” என்றார் செங்குட்டுவன், ரொம்ப வருத்தத்தோடு. “நான் மெதுவாத்தான் புடிச்சேன்.”

“அவள கேட்டியா, மாமு? ஆடுவியா மாட்டியான்னு அவள கேட்டியா?”

செங்குட்டுவன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழில்மொழியின் பக்கம் குனிந்தார். “எழில்மொழி. ஆடுவியா?”

மருந்தின் மிதப்பில் இருந்தாலும் அவள் இந்தக் கேள்வியை உரிய மரியாதையோடு எடுத்துக்கொண்டாள். கூரையைப் பார்த்து யோசித்தாள். “அந்த அண்ணன் கைய எடுத்தாருன்னா ஆட மாட்டேன். எடுக்கலன்னா ஆடுவேன்.”

“எடுத்துடுங்க, செங்குட்டுவன்.”

கை போனது. டாக்டர் மிச்ச மருந்தைப் போட்டார். அது நன்றாக இறங்கும் வரை பொறுத்தார். அந்த இடத்தைத் தட்டினார்.

“இது தெரியுதா?”

“இல்ல.”

“இது?”

“தட்டுற மாதிரி கீது. வேற யாரு கைலயோ.”

“சரி. ஆரம்பிக்கலாம்.”

“ஆரம்பிக்கக் கூடாது,” என்றாள் எழில்மொழி.

“ஏம்மா?”

“நிறுத்துனவரு சரின்னு சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கைய வெக்கக் கூடாது. தெனமும் கண்ணாடில சொல்வாரு.”

எல்லாரும் நிறுத்தியவரைப் பார்த்தார்கள். அவர் தூக்கிய கையைத் தலையணையில் போட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். ஒரு கணம் அந்த அறையில், படித்தவர் படிக்காதவர் எல்லாருமாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் ராஜாத்தி சிஸ்டர் அவர் தோளை உலுக்கினார்.

“அப்பா. மேற்பார்வையாளர் சார். ஆரம்பிக்கலாமா?”

வேலப்பன் கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்தினார்.

வேலை தொடங்கியது. எழில்மொழி மறு கையை நீட்டி, அந்தக் கட்டைவிரலை அது இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டாள். மெல்லிய குழாய் அவள் மேல்கையில் நுழைந்து, திரையில் டாக்டர் காட்டிய வழியே ஊர்ந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் தன் கையைப் பார்க்கவில்லை. திறந்த வாயோடு குறட்டை விடும் நைனாவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். “சிரிக்காத பாப்பா, கை ஆடும்” என்று சிஸ்டர் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கீழே கிடைக்காத மருந்துக்காக வேறு கடைகளும் அலைந்துவிட்டுப் பையோடு பூவம்மா வந்தபோது வார்டில் இரண்டு கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் மகள், கையில் குழாயும் வெள்ளைக் கட்டுமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கணவன், விரலில் கிளிப், புறங்கையில் ஒட்டு, முகத்தில் அரைச் சிரிப்பு. பூவம்மா குனிந்து அவர் வாயை முகர்ந்தாள்.

“ஸ்ட்ராபெரி,” என்றாள். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, “இன்னாக்கா இது? புள்ளைக்குக் குழா போட இட்டாந்தா, இந்தாளு போதைல கெடக்குறாரு?”

சிஸ்டர் முழுவதும் சொன்னார். பாதியில் பூவம்மா நாற்காலி தேடி உட்கார்ந்தாள். கையைத் தூக்கி நிறுத்தினார் என்ற இடம் வந்ததும், “இவரா?” என்றாள். அதன்பிறகு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தது சிரித்துச் சிரித்துத்தான் என்று சிஸ்டர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வேலப்பன் மாலையில் விழித்தார். குப்பியின் அடியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தது வரை ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் சுத்தமாக ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் மகளின் கையில் கட்டைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

“போட்டுட்டாங்களா, பூவு?”

“போட்டாச்சு.”

“யாரு புடிச்சாங்க?”

பூவம்மா பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கேட்ட பிறகும் நனைத்துக்கொண்டிருந்தாள். வருடங்கள் கழித்துக் கிடைத்த சந்தர்ப்பம், சீக்கிரம் முடித்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

“ஒருத்தரும் புடிக்கல நைனா,” என்றாள் எழில்மொழி, கண்ணைத் திறந்து. “அந்த அண்ணன் புடிச்சாரு. நீ நிறுத்துன.”

“நானா?”

“விசில்கூட இல்லாம நிறுத்துன. டாக்டரயே நிறுத்துன.”

“உடான்ஸ் உடாத, எழிலு.”

“மெய்யாலுமே. அப்பால குறட்ட உட்ட.”

குறட்டையை அவர் உடனே நம்பினார். மற்றதை நம்ப அவருக்கு டாக்டரே வந்து சொல்ல வேண்டியிருந்தது. வீடு திரும்பும் நாள் வரை அவர் வார்டில் யாரைப் பார்த்தாலும், “டாக்டரயுமா நிறுத்துனேன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். செங்குட்டுவனிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். அவரோ, இப்போதெல்லாம் குழந்தையைக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவதாகவும், பல பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள் என்றும் சொன்னார். சிரப்பு விஷயத்தில் அந்த வார்டில் ஒரு புது ஏற்பாடு வந்தது: குழந்தைக்கு மருந்து, அப்பாவுக்கு அதே போன்ற குப்பியில் சர்க்கரைத் தண்ணீர்.

பலகை மணலியில் இன்னும் தொங்குகிறது. அதில் உள்ளபடி அல்ல, நடந்தபடி சொன்னால் இவ்வளவுதான்: ராயபுரத்து ஆஸ்பத்திரியில், வேலப்பன் தன் மகளுக்கு வைத்த மருந்தை ஒரே மடக்கில் முழுவதும் குடித்தார், நிதானம் இழந்தார், அவள் தோளை ஒரு கை அழுத்தியபோது வேலையை நிறுத்தினார்.